ஜார்ஸ்கோயே செலோ: கேத்தரின் அரண்மனையில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: வெளியே நின்று பார்ப்பது

பீட்டர்ஸ்பர்க் நகரின் விதெப்ஸ்கி ரயில் நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஜார்ஸ்கோயே செலோ ஸ்டேஷன் வந்துவிடும். ஊரின் இன்றைய பெயர் புஷ்கின். ஸ்டேஷனிலிருந்து அரண்மனைக்கு டவுன் பஸ் உண்டு. மெட்ரோவில் மஸ்கோவ்ஸ்கயா வரை வந்து அங்கிருந்து பஸ்ஸோ வேனோ பிடிக்கிறவர்களும் நிறைய. ஆனாலும் ரயிலில் வருவதுதான் பொருத்தம். ரஷ்யாவில் பொதுமக்களுக்கென்று முதன்முதலாக 1837இல் ஓடிய ரயில் இதே தடத்தில்தான் ஓடியது.

அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசித் திங்களும் மூடியிருக்கும். பூங்காவுக்கு ஒரு டிக்கெட், அரண்மனைக்கு இன்னொரு டிக்கெட். கோடையில் நேரடியாகப் போய் வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும், அதனால் முன்பதிவு செய்துகொண்டு வருவது நல்லது. முதல் நாளை உள்ளே போவதற்குச் செலவழிக்க வேண்டாம். வெளியே பார்க்கவே ஒரு நாள் சரியாக இருக்கும்.

ஊரின் பெயரிலிருந்து தொடங்கலாம். இங்கே முன்பு இருந்தது 'சாரி' என்ற பின்னிஷ் பெயர் கொண்ட ஒரு பண்ணை. ரஷ்யர்கள் அதைச் 'சார்ஸ்கயா' என்றார்கள். அரச குடும்பம் குடிவந்த பிறகு அதுவே மருவி 'ஜார்ஸ்கோயே செலோ', அதாவது ஜாரின் கிராமம் ஆயிற்று. 1710இல் மகா பீட்டர் இந்தப் பண்ணையைத் தன் மனைவி கேத்தரினுக்குக் கொடுத்தார். அரண்மனையின் பெயரில் இருப்பது இந்த முதலாம் கேத்தரின்தான். பிற்காலத்தில் இங்கே நெடுங்காலம் வாழ்ந்த மகா கேத்தரின் வேறொருவர். வழிகாட்டிகள் பேசுகிற வேகத்தில் இந்த இருவரும் கலந்துவிடுவது வழக்கம்.

1717இல் பிரவுன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் தொடங்கியது சிறிய கல் மாளிகைதான். பீட்டரின் மகள் எலிசபெத் அரசியான பிறகு குவாசோவ், செவாகின்ஸ்கி ஆகியோர் அதைப் பெரிதாக்கினார்கள். நடுவே மாளிகை, இருபுறமும் தள்ளித் தள்ளிப் பக்கக் கட்டடங்கள், அவற்றை இணைக்கத் தாழ்வான நடைமண்டபங்கள். எலிசபெத்துக்கு அது போதவில்லை. 1752இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ராஸ்ட்ரெல்லியிடம் வேலை போனது. அவர் பழையதை இடித்துத் தள்ளாமல், தாழ்ந்து கிடந்த நடைமண்டபங்களை முழு உயரத்துக்கு எழுப்பி, எல்லாவற்றையும் ஒரே கூரைக்கோட்டின் கீழ் கொண்டுவந்தார். 1756 ஜூலையில் எலிசபெத் தன் அரசவையினருக்கும் வெளிநாட்டுத் தூதர்களுக்கும் அதைத் திறந்து காட்டினார்.

முகப்பு ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். இவ்வளவு நீளத்தை ஒரே மட்டமாக விட்டால் ராணுவக் கொட்டடி போல் ஆகிவிடும். ராஸ்ட்ரெல்லி அதை எப்படித் தவிர்த்தார் என்பதை முற்றத்தின் நடுவே நின்று பார்த்தால் புரியும். தூண்கள் ஓரிடத்தில் ஒற்றையாக, ஓரிடத்தில் இரட்டையாக, ஓரிடத்தில் கொத்தாக முன்னுக்கு வருகின்றன. சுவர் சில இடங்களில் ஒரு முழம் வெளியே வந்து மறுபடி உள்வாங்குகிறது. வெயில் சாய்ந்து விழும்போது இந்த ஏற்ற இறக்கங்கள் நிழலாகி, நீலச் சுவரில் தாளம் போல் ஓடும். முற்றம் மேற்குப் பக்கம், தோட்டம் கிழக்குப் பக்கம். ஆகவே காலையில் தோட்டத்து முகப்பையும் மாலையில் முற்றத்து முகப்பையும் பார்க்க வேண்டும். நேரம் மாறினால் நிழலும் போய்விடும், சுவர் தட்டையாகத் தெரியும்.

கீழ்த்தளத்தில் தலைக்கு மேல் கையை மடித்துப் பாரம் சுமக்கும் ஆண் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் கோபுரங்களின் அடிநிலையில் தோள்கொடுக்கும் பூதகணங்கள் உடனே நினைவுக்கு வரும். டுங்கர் என்ற சிற்பி கொடுத்த மாதிரிகளைக் கொண்டு செய்த சுதை உருவங்கள் இவை. எலிசபெத் காலத்தில் இவை, சாளரங்களின் மேலிருக்கும் முகங்கள், கூரை விளிம்பில் நின்ற மரச்சிலைகள் எல்லாம் தங்க ரேக்கு பூசப்பட்டவை. வெளிப்பூச்சுக்கும் உள்ளே அறைகளுக்கும் சேர்த்து 100 கிலோவுக்கு மேல் தங்கம் ஆனதாகக் கணக்கு சொல்கிறார்கள்.

அந்தத் தங்கம் நிற்கவில்லை. சுதை ஈரத்தைக் குடிக்கும். இந்த ஊரின் குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாகப் பலமுறை ஏறி இறங்கும். உள்ளே போன நீர் உறையும்போது பருமனில் 9 சதவீதம் விரிந்து மேல்தோலைத் தள்ளும். பூச்சு செதில் செதிலாக உரிய, மரச்சிலைகள் உளுத்தன. மகா கேத்தரின் சில ஆண்டுகளிலேயே சிலைகளைக் கீழிறக்கச் சொல்லி, மற்றவற்றின் மேல் எண்ணெய் வண்ணம் பூசச் சொன்னார். இன்று முகப்பில் தெரியும் பழுப்பும் மஞ்சளும் வண்ணப்பூச்சு. அசல் தங்கம் பார்க்க வேண்டுமென்றால் வடக்கு ஓரத்தில் தேவாலயத்தின் ஐந்து குவிமாடங்களைப் பாருங்கள். அவை உலோகத் தகட்டின் மேல் பூசியவை. தகடு நீரைக் குடிக்காது.

இரண்டாம் நாள்: மாடிப்படி, பெரிய கூடம், அறைகளின் வரிசை

உள்ளே நுழைந்ததும் பையையும் கோட்டையும் ஒப்படைத்துவிட்டு, செருப்பின் மேல் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். தரை முழுவதும் பல நிற மரத்துண்டுகளை இழைத்துச் சேர்த்தது. ஷூவில் ஒட்டிவரும் ஒரு மணல் பருக்கை போதும், அதில் கோடு விழ.

மாடிப்படி வெள்ளைச் சலவைக்கல். இது ராஸ்ட்ரெல்லி செய்ததல்ல. 1860களின் தொடக்கத்தில் மொனிகெட்டி கட்டியது. மேற்கே தூங்கும் மன்மதன், கிழக்கே கண்விழிக்கும் மன்மதன் என்று இரண்டு சலவைக்கல் சிலைகள். காலை வெயில் விழுகிறவன் விழிக்கிறான், மாலை வெயில் விழுகிறவன் உறங்குகிறான். எந்த நேரத்தில் போனாலும் ஒருவன் வெளிச்சத்தில் இருப்பான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் நல்லது. ராஸ்ட்ரெல்லியின் மாடிப்படி அரண்மனையின் தெற்கு ஓரத்தில் இருந்தது. தூதர் ஒருவர் அங்கே ஏறினால், வரிசையாக முன்னறைகளைக் கடந்து, பெரிய கூடத்தை அடைந்து, பிறகு அறை அறையாக வடக்கு நோக்கி நடக்க வேண்டும். அறைக்கு அறை பகட்டு கூடிக்கொண்டே போகும்படி அமைத்தது அது. மகா கேத்தரின் தெற்குப் பக்கத்தைத் தன் சொந்த அறைகளாக மாற்றியபோது அந்தப் படிக்கட்டு போயிற்று, வழி நடுவுக்கு வந்தது. இன்று நாம் நடுவில் ஏறி வருகிறோம். அதனால் ராஸ்ட்ரெல்லி நினைத்த வரிசை நமக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. மேலே வந்ததும் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் திறந்திருக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். திண்ணையில் நின்றால் ரேழி, முற்றம், கொல்லைப்புறம் வரை கண் போகுமே, அதே அமைப்பு. இங்கே ஒவ்வொரு நிலையும் பொன் பூசியது.

பெரிய கூடம் ஏறக்குறைய 800 சதுர மீட்டர். 47 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கூட இல்லை. இரு நெடுஞ்சுவர்களிலும் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சாளரங்கள். சாளரங்களுக்கு இடையில் அதே அளவில் கண்ணாடிகள், அவற்றின் முன்னே மெழுகுவர்த்தித் தாங்கிகள். மாலை விருந்துகளில் 700 மெழுகுவர்த்திகள் வரை எரிந்தன. ஒவ்வொரு சுடரும் எதிரெதிர்க் கண்ணாடிகளில் பெருகும். சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ராஸ்ட்ரெல்லியின் கலை இதுதான்: சுவர் இருக்கும், ஆனால் இருப்பது தெரியக் கூடாது.

மேலே விதானத்தில் வலேரியானியின் 'ரஷ்யாவின் வெற்றி' ஓவியம். ஓரங்களில் தூண்களும் மாடங்களும் வரைந்து, கூடம் இன்னும் ஒரு மாடி மேலே போவது போன்ற மயக்கத்தைத் தருகிறது. தூண் இல்லாமல் 17 மீட்டர் தாண்டும் மர உத்திரங்கள் காலப்போக்கில் தொய்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. 1850களில் வேறு ஓவியம் வந்தது, அது போரில் அழிந்தது. போருக்குப் பிறகு வலேரியானியின் ஓவியத்தில் மிஞ்சிய பக்கப்பகுதிகள் பீட்டர்ஸ்பர்க்கின் மிகயீல் கோட்டைக் கிடங்கில் கிடைத்தன. அவற்றைப் பழுதுபார்த்து, இல்லாத நடுப்பகுதியைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். பழையதும் புதியதும் ஒரே விதானத்தில் இருக்கின்றன.

சுவர்களில் உள்ள மரச்செதுக்கு வேலையைக் கிட்டத்தில் பார்க்க ஒரு கதவு நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது லிண்டன் மரம். இலகுவானது, இழை நுண்மையானது, உளிக்கு எந்தத் திசையிலும் இணங்கும். அதன் மேல் சாக்குப் பொடியும் வஜ்ஜிரப் பசையும் கலந்த மக்கைப் பல கோட்டாகப் பூசி, ஒவ்வொரு கோட்டும் காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. மக்கின் மேல் சிவந்த களிமண் பூச்சு, அதை ஈரப்படுத்தி அதன் மேல் தங்க ரேக்கு. காய்ந்த பின் அகேட் கல்லால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். தேய்க்காமல் விட்டால் மங்கலாக நிற்கும். செதுக்கிய ஒரே இலையின் நடு நரம்பு பளபளக்க, ஓரம் மங்கலாக இருப்பது இப்படித்தான். ரேக்கு தேய்ந்த விளிம்பில் லேசாகச் சிவப்பு தெரிந்தால் அது அந்தக் களிமண். மக்கு ஒரு கோட்டு தடித்துவிட்டால் உளியின் கூர்மையெல்லாம் புதைந்து, இலை பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். ஆகவே மக்கு காய்ந்த பிறகு அதன் மேலேயே மறுபடி உளி வைத்து நரம்பு எடுக்கும் ஆட்கள் தனியாக இருந்தார்கள்.

அடுத்த அறைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். சிவப்பு, பச்சை என்று இரண்டு தூண் அறைகள். அங்கே சுவர்த்தூண்கள் கண்ணாடியால் ஆனவை. கண்ணாடிக்குப் பின்னே வண்ணத் தகடு வைத்திருப்பதால் உள்ளிருந்து ஒளி வருவது போல் இருக்கும். மூலைகளில் விதானம் வரை உயரும் அடுப்புகளில் வெள்ளைப் பரப்பில் கோபால்ட் நீலத்தால் வரைந்த ஓடுகள் பதித்திருக்கும். ஓவியக் கூடத்தில் 130 ஓவியங்கள் சட்டத்தோடு சட்டம் ஒட்டி, சுவரே தெரியாமல் மாட்டப்பட்டுள்ளன. இருபுறச் சமச்சீர் பிசகக் கூடாது என்பதற்காக, மாட்டும்போது சிலவற்றை வெட்டியும் இருக்கிறார்கள். ஓவியன் பெயரைவிட நிறத்திட்டுகள் எங்கே விழ வேண்டும் என்பதே அன்று முக்கியம்.

இந்த அறைகள் பலவற்றில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வைத்திருப்பார்கள். 1944இல் அதே அறை எப்படி இருந்தது என்று. கூரை இல்லை, தரை இல்லை, கருகிய செங்கல்லும் உள்ளே விழுந்த பனியும்தான். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1941 செப்டம்பர் 17இல் ஜெர்மன் படை ஊரைப் பிடித்தது. 1944 ஜனவரி 24இல் ஊர் விடுபட்டபோது அரண்மனை எரிந்த கூடு. 1957இல்தான் முறையான மீட்பு வேலை தொடங்கியது. கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் கெத்ரின்ஸ்கி தலைமை தாங்கினார். 1959இல் முதல் ஆறு அறைகள் திறந்தன. எதை வைத்துத் திரும்பக் கட்டினார்கள்? போருக்கு முன் எடுத்த புகைப்படங்கள், அளவுப் படங்கள், இடிபாடுகளைச் சலித்துப் பொறுக்கிய துண்டுகள். புகைப்படத்தில் நிறம் கிடையாது. நிறத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் ஹாவ், ப்ரெமாத்சி ஆகியோர் ஒவ்வொரு அறையையும் பார்த்து வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் கைகொடுத்தன. 1917இல் அந்திரேய் சேஸ்ட் எடுத்த வண்ணப் புகைப்படங்களும் இருந்தன. இன்று கண்ணைப் பறிக்கும் தங்கத்தில் பெரும்பகுதி லெனின்கிராட் (சோவியத் காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கின் பெயர்) தச்சர்களும் ரேக்குக்காரர்களும் போருக்குப் பிறகு பூசியது. முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர் அது.

மூன்றாம் நாள்: அம்பர் அறை

பொருளை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்மூர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிற திமிங்கல அம்பர் வேறு. இது மரப்பிசின். நாலு, ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஊசியிலை மரங்களில் வழிந்து, மண்ணுக்கடியில் இறுகியது. பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும். கல் என்று சொன்னாலும் கல்லைவிட மிக மிருது, எஃகுக் கத்தியால் எளிதில் சீவலாம். நெருப்பில் காட்டினால் குங்கிலியம் போல் மணந்து எரியும். எடை குறைவு, உப்புநீரில் மிதக்கும். இப்படிப்பட்ட பொருளால் ஓர் அறையின் சுவர்களை மூட நினைத்தது அசாத்தியத் துணிச்சல்.

1701 வாக்கில் பிரஷ்யாவின் முதலாம் ஃபிரெட்ரிக்குக்காகத் தொடங்கிய வேலை. திட்டம் ஷ்லூட்டர் என்ற கட்டடக் கலைஞருடையது. டென்மார்க்கிலிருந்து வந்த வோல்ஃப்ராம் முதலிலும், டான்சிக் நகரத்து ஷாக்ட், டுராவ் இருவரும் பிறகும் செய்தார்கள். 1716இல் அடுத்த மன்னர் ஃபிரெட்ரிக் வில்லியம் இதை மகா பீட்டருக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருக்கு உயரமான சிப்பாய்கள் மேல் மோகம். பதிலுக்குப் பீட்டர் அனுப்பியது 55 நெட்டை வீரர்களை. பலகைகள் பெட்டிகளில் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தன. பொருத்தத் தெரிந்த ஆள் இல்லாமல் அப்படியே கிடந்தன. எலிசபெத் காலத்தில்தான் மார்ட்டெல்லி என்ற இத்தாலியர் அவற்றைக் குளிர்கால அரண்மனையில் பொருத்தினார். 1755இல் இங்கே வந்தன.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல். பெர்லினில் செய்தது சிறிய அறைக்கு. இங்கே ஒதுக்கிய அறை ஏறக்குறைய 100 சதுர மீட்டர், உயரம் ஏழரை மீட்டருக்கு மேல். அம்பர் போதாது. ராஸ்ட்ரெல்லி பலகைகளுக்கு நடுவே கண்ணாடிச் சுவர்த்தூண்களை நிறுத்தி இடைவெளியை நிரப்பினார். அப்படியும் மீந்த இடங்களில் துணி கட்டி, அம்பர் மாதிரியே வண்ணம் தீட்டச் செய்தார். பிறகு 1763 முதல் 1770 வரை கோனிக்ஸ்பெர்க் (இன்றைய கலினின்கிராட்) கைவினைஞர்கள் இன்னும் 450 கிலோ அம்பர் கொண்டு கீழ்ப்பகுதியின் வண்ணத்துணியை நிஜ அம்பராக மாற்றினார்கள். மேல்வரிசையை அப்படியே விட்டார்கள். இன்றும் அப்படித்தான். அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல் அடுக்கில் தெரிவது வண்ணம் தீட்டிய துணி. மூன்று சுவர்களில்தான் அம்பர், நான்காவது சுவரில் சாளரங்கள்.

கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே எதைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள், கண் மட்டத்தில் இருப்பதாக. முதலில் நிறங்கள்: எலுமிச்சை மஞ்சள், தேன் நிறம், பனைவெல்லக் கறுப்பு, நடுநடுவே பால் போன்ற வெண்மை. பொடியாக உடைந்த தட்டு போல் ஒழுங்கில்லாத துண்டுகள், ஆனால் விளிம்போடு விளிம்பு இம்மியும் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கும். மங்கலான அம்பரை எண்ணெயில் இட்டு மெல்லச் சூடேற்றினால் தெளியும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளே வெடித்துச் செதிலாகும். தெளிந்த துண்டுகளுக்கு அடியில் உலோகத் தகடு வைத்தால் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும். சட்டங்களின் மேல் செதுக்கிய இலைகள், முகங்கள். சில இடங்களில் மகுடத்தோடு ஃபிரெட்ரிக்கின் எழுத்துச் சின்னம். ரஷ்ய அரண்மனையில் பிரஷ்ய அரசச் சின்னம் ஏறக்குறைய 200 ஆண்டுகள் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பச் செய்தபோதும் அதை விடாமல் செய்தார்கள்.

பெரிய பலகைகளின் நடுவே நான்கு கல் ஓவியங்கள். புளோரன்சில் செய்தவை. பார்வை, சுவை, கேள்வி ஆகியவற்றுக்குத் தனித்தனி, தொடுதலும் மணமும் சேர்ந்து ஒன்று. பல நிற ஜாஸ்பர், பளிங்குக் கற்களைச் சீவல்களாக அறுத்து, ஒன்றோடொன்று பொருத்தி ஆக்கிய காட்சிகள். தூரிகை வேலை என்று நினைக்கத் தோன்றும்.

இந்த அறைக்கு எப்போதும் ஒரு நோய் உண்டு. அம்பரை ஒட்டியிருந்தது மரப்பலகை மேல். ஈரக்காற்றில் மரம் விரியும், அடுப்பு எரியும் குளிர்காலத்தில் சுருங்கும். அம்பர் அந்த அளவு அசையாது. பசை விட்டுப்போகும், துண்டு உதிரும். காற்றும் வெளிச்சமும் பட்டு மேற்பரப்பு கருத்து நொறுங்கும். 19ஆம் நூற்றாண்டில் மூன்று முறை பெரிதாகப் பழுதுபார்த்தார்கள், 1930களில் மறுபடி. அடுத்த பெரிய வேலை 1941க்குத் திட்டமிடப்பட்டிருந்தது.

அந்த ஆண்டில்தான் போர் வந்தது. ஆயிரக்கணக்கான பொருட்களை அருங்காட்சியகத்தார் கிழக்கே அனுப்பினார்கள். பூங்காவின் சலவைக்கல் சிலைகளை மண்ணில் புதைத்தார்கள். அம்பர் பலகைகளைக் கழற்ற முயன்றபோது துண்டுகள் கொட்டின. வேறு வழியில்லாமல், மெல்லிய காகிதம் ஒட்டி, பஞ்சும் துணியும் போர்த்தி, அங்கேயே மறைத்துவிட்டுப் போனார்கள். வந்த ஜெர்மானியர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒன்றரை நாளில் கழற்றி, 1941 அக்டோபரில் கோனிக்ஸ்பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சில் கோட்டை எரிந்தது, 1945 ஏப்ரலில் நகரம் வீழ்ந்தது. அதன் பிறகு அம்பர் அறையைக் கண்டவர் இல்லை. சுரங்கம், கப்பல், ஏரி என்று புதையல் கதைகள் ஏராளம். கையில் கிடைத்தது ஒரே ஒரு கல் ஓவியம், அதனோடு ஒரு பெட்டி அலமாரி. 1997இல் ஜெர்மனியின் பிரெமனில் விற்க முயன்றபோது பிடிபட்டது, தொடுதலும் மணமும் சேர்ந்த அந்த ஓவியம். 2000இல் ரஷ்யாவுக்குத் திரும்பியது.

இன்று நாம் பார்க்கும் அறைக்கு 1979இல் அரசு உத்தரவு வந்தது. அம்பரைச் சுவர் அளவில் கையாளும் கலை அப்போது யாருக்கும் தெரியாது, முதலில் அதையே கற்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் எடுத்து, களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் மாதிரி செய்து, பிறகு அம்பரில் வெட்டினார்கள். கலினின்கிராட் பகுதியிலிருந்து வந்த மூல அம்பர் ஆறு டன் அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அறுக்கும்போதும் இழைக்கும்போதும் கழிவாகப் போனது. அம்பர் அப்படித்தான்: மேலோடு நீக்கி, வெடிப்பு விலக்கி, நிறம் பார்த்துத் தேர்ந்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பணமில்லாமல் வேலை இழுபட்டது. 1999இல் ஜெர்மனியின் ரூர்காஸ் நிறுவனம் 35 லட்சம் டாலர் கொடுத்தது. பீட்டர்ஸ்பர்க்கின் 300ஆவது ஆண்டு விழாவில், 2003 மே 31இல் அறை திறந்தது. 24 ஆண்டு வேலை. "இது அசல் இல்லையாமே" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போகிறவர்களை இங்கே தினமும் பார்க்கலாம். பழைய அம்பர் 1941இலேயே கருத்து உதிர்ந்துகொண்டிருந்தது. 1770இல் வேலை முடிந்த அன்று இந்த அறை எந்த நிறத்தில் ஒளிர்ந்திருக்கும் என்பதை இன்று நாம்தான் பார்க்கிறோம்.

நான்காம் நாள்: கேமரன் கட்டியவை

வானம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நாள் இது. அகேட் அறைகளை மழை நாட்களிலும் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களிலும் திறக்க மாட்டார்கள். நாள் தவறினால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மகா கேத்தரினுக்கு ராஸ்ட்ரெல்லியின் பகட்டு பிடிக்கவில்லை. அவர் மனம் பழைய ரோமாபுரியில் இருந்தது. ரோமானியக் குளியல் மாளிகைகளை அளந்து ஆராய்ந்த ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் கேமரனை 1779இல் வரவழைத்தார். தெற்குப் பக்கம் அவர் கட்டிய தொகுதியில் கீழே குளியலறைகள், மேலே அகேட் அறைகள், பக்கத்தில் தொங்கு தோட்டம், அதை ஒட்டி நீண்ட தூண் மண்டபம். குளியலறைகள் தவிர மற்ற மூன்றும் மேல்தளத்தில் ஒரே மட்டம். அரசி தன் அறையிலிருந்து படி இறங்காமல் நடந்தே இந்த மூன்றுக்கும் போகலாம்.

தூண் மண்டபத்தின் அடித்தளக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். புதஸ்த் என்ற இடத்தில் வெட்டிய சுண்ணக்கல். வெட்டும்போது மிருது, காற்றுப் பட்டதும் இறுகும், நம் செம்புறாங்கல்லின் குணம். பரப்பெல்லாம் துளை. புதிதாகக் கட்டிய அன்றே ஆயிரம் ஆண்டுப் பழமை தெரியட்டும் என்றுதான் கேமரன் இதைத் தேர்ந்தார். கீழே பாரம், மேலே மெல்லிய அயோனியத் தூண்களும் கண்ணாடிக் கூடமும். மழையானாலும் அரசி நடக்க அந்தக் கூடம். தூண்களுக்கு இடையே வெண்கலத் தலைச்சிலைகள், பெரும்பாலும் பண்டைய கிரேக்க, ரோம ஆட்கள். ரஷ்யர்களில் அறிஞர் லொமனோசோவ் மட்டும் இடம்பிடித்தார். முதுமையில் அரசியால் படி ஏற முடியாதபோது 1790களில் தோட்டத்திலிருந்து சாய்தளம் ஒன்று கட்டினார் கேமரன். இன்றும் அதில் நடக்கலாம், மிதமான ஏற்றம்.

தொங்கு தோட்டத்தின் அடியில் கனத்த வளைவுகள், அவற்றின் மேல் ஈயத்தகடு, அதன் மேல் மண். ஈயம் வளையும், வெடிக்காது, துருவும் ஏறாது. நீர் கீழே கசியாமல் இருக்க அன்று அதைவிட நல்ல பொருள் இல்லை.

அகேட் அறைகளின் பெயர் ஒரு தவறான அழைப்பால் வந்தது. சுவரை மூடியிருப்பது யூரல் மலையின் ஜாஸ்பர். கருஞ்சிவப்பில் வெள்ளை நரம்பு ஓடும் ஒரு வகையை அக்காலத்தில் 'இறைச்சி அகேட்' என்றார்கள், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய கல் துண்டுகளை, நரம்பு நரம்போடு தொடரும்படி தேர்ந்து, சுண்ணக்கல் மேல் பிசின் மக்கால் ஒட்டி, சுவரிலேயே வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். இணைப்பு எங்கே என்று விரல்நகம் வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஜாஸ்பர் எஃகைவிடக் கடினம், ஒரு சதுர அடி தேய்க்கவே நாட்கணக்கில் ஆகும். கல்லுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. அதைப் பிடித்திருக்கும் மக்கும், வெப்பமூட்டாத கட்டடத்தின் மரமும் ரேக்கும்தான் தாங்காது, ஆகவேதான் மழைக்குக் கதவடைப்பு. போரில் ஜெர்மன் அதிகாரிகள் இங்கே தங்கள் கேளிக்கை விடுதியை வைத்திருந்தார்கள், கற்கள் சில பெயர்ந்தன. ஆனால் எரியவில்லை. 2013இல் மீட்பு முடிந்து திறந்தபோது, 18ஆம் நூற்றாண்டு அலங்காரம் பெரும்பகுதி அசலாகவே நின்றது. பெரிய அரண்மனையில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும் அசல், இங்கே நாலு புறமும் இருக்கிறது. கூட்டமும் குறைவு. ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வோம்.

ஐந்தாம் நாள்: தேவாலயமும் பூங்காவும்

தேவாலயம் காலையில் முடியும். அடர்ந்த நீலச் சுவரில் பொற்செதுக்கு. 1820 மே மாதத் தீ இங்கேயும் அடுத்திருந்த அறைகளிலும் பரவியது, ஸ்தாசோவ் திரும்பக் கட்டினார். போர் மறுபடி நாசமாக்கியது. 2019இல் திறந்தார்கள். அதே ஆண்டு லியோன் நகரத்துப் பட்டும் நீல லாபிஸ் கல்லும் கொண்ட லியோன் கூடமும் திறந்தது.

பிற்பகலுக்குப் பூங்காவின் ஹெர்மிடேஜ் மண்டபம். பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது ராஸ்ட்ரெல்லி முடித்த சிறிய விருந்து மண்டபம். வேலைக்காரர் கண்ணில் படாமல் சாப்பிட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். 35 பேர் அமரலாம். மேசைகள் கீழ்த்தளத்தில் தயாராகி, கயிறும் கப்பியும் கொண்டு மேலே எழும். ஒவ்வொருவர் தட்டும் மேசையின் வட்டத் துளையில் தனியே ஏறி இறங்கும். வேண்டியதை எழுதித் தட்டோடு கீழே அனுப்பினால், கீழே உள்ளவர் நிரப்பி மேலே அனுப்புவார். விருந்து முடிந்ததும் மேசைகள் மொத்தமும் இறங்க, துளைகளை மரத்தரை மூடிக்கொள்ளும், நடனம் தொடங்கும்.

2010இல் மீட்பு முடிந்து திறந்த இந்த மண்டபமும் ஈரமான நாட்களில் மூடப்படுகிறது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள். கீழ்த்தளத்துக்கும் கூட்டிப்போனால் தவறாமல் போய், கப்பிகள் இருக்கும் இடத்தையும் அதன் தாழ்ந்த கூரையையும் பாருங்கள். 35 பேர் தட்டுகளையும் யாருடையது எது என்று மாறாமல், சூடு ஆறாமல் ஏற்றி இறக்க, கீழே நின்றவர்கள் அத்தனை பேரும் அந்தக் கூரையின் கீழ்தான் குனிந்து வேலை செய்தார்கள்.